ஆறாவது இடம்

ரோஸ்விதா க்யூனல் எங்கள் ஊருக்கு அரசியலுக்காக வரவில்லை. செம்புச் சுரங்கத்தை மூடிய பிறகு, வேலை போனவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வந்த, டாக்டர் பட்டம் பெற்ற சமூகவியலாளர் அவர். எழுதி முடித்ததும் திரும்பிப் போகாமல் கட்சியில் சேர்ந்தார். மூன்று முறை மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். கிளை ரயில் பாதைக்காகப் பேசினார், மூடிவிட்டார்கள். பிரசவ வார்டுக்காகப் பேசினார், அதையும் மூடிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் அவர் இருந்த துறையும் இப்போது இல்லை.

நான் அவருடைய தொகுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். செவ்வாய் மாலைகளில் சமூகவியல் வகுப்புக்குப் போகிறேன். அதில் எவ்வளவு புரிகிறது என்று எனக்கே சந்தேகம்.

எங்கள் கட்சி தொகுதிகளில் ஜெயிக்காது. மொத்த ஓட்டில் கட்சிக்குக் கிடைக்கும் பங்குக்கு ஏற்ப, அதன் மாநிலப் பட்டியலில் மேலே இருப்பவர்கள்தான் சட்டமன்றம் போவார்கள். இந்த முறை ஆறு பேருக்கு மேல் போக வழியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறாவது இடம் வழக்கமாக டாக்டர் க்யூனலுடையது. எங்கள் கட்சியைச் சேர்ந்த பக்கத்து ஊர் மேயர் ஃபால்க் பிரேடோவும் அதற்கு நிற்பதாக ஏப்ரலில் தெரியவந்தது.

டாக்டர் பதறவில்லை. பட்டியலை ஓட்டுப் போட்டு முடிவுசெய்யும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளின் பெயர்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"டாக்டர், உங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடுவேன்? இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"பிரேடோவா? அந்தப் பொடியனுக்கு இன்னும் மீசையே சரியா முளைக்கல. நீங்க நிம்மதியா தூங்குங்க."

இப்படியான ஒவ்வொரு பதிலுக்கும் லேசாகத் தலையசைத்து, பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். நூறு பேரில் எண்பது பேருக்குக் கோடு விழுந்தது.

எனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. கடைசியில் சொன்னேன். "டாக்டர், வகுப்புல சொன்னாங்க. கேக்கறவங்க மனசு நோகாத பதிலைத்தான் ஜனங்க சொல்வாங்களாம். அதனால வேட்பாளரே நேரடியா கேக்கக் கூடாதாம்."

அவர் சிரித்துவிட்டார். "ரீகே, அந்தப் பாடத்தை நானே எத்தனை வருஷம் நடத்தியிருக்கேன் தெரியுமா? அது முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு. இவங்க நம்ம ஆளுங்க."

ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று தோன்றியது.

மாநாடு மாநிலத் தலைநகர் மாக்டபுர்க்கில், ஒரு சனிக்கிழமை. கட்சியின் மாவட்டத் தலைவர் எக்கார்ட் போலன் கடுகுச் சாந்தோடு இரண்டு சாசேஜ் தட்டுகளைக் கொண்டுவந்தார்.

"சாப்பிடு ரோஸ்விதா. ஜெயிச்சப்புறம் எல்லாரும் கை குடுக்க வந்துடுவாங்க, சாப்பிடக் கை இருக்காது."

டாக்டர் பேசியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பிரேடோவுக்கு உட்கார்ந்தபடிதான் தட்டினார்கள். பிறகு சீட்டுகளை மடித்துப் பெட்டியில் போட்டோம். நானும் ஒரு பிரதிநிதி.

பிரேடோவுக்கு அறுபத்தொன்பது ஓட்டு. டாக்டருக்கு முப்பத்தொன்று.

அரங்கம் சற்று நேரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"என்னால நம்பவே முடியல ரோஸ்விதா. நான் உனக்குத்தான் போட்டேன்," என்றார் போலன்.

"எங்க ஊர் ஓட்டு முழுசும் உங்களுக்குத்தான், டாக்டர். வேற எவனோ கழுத்தறுத்துட்டான்."

இப்படி வந்து சொன்னவர்களே முப்பத்தொன்றைத் தாண்டியிருப்பார்கள். டாக்டர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

"ஏழாவதுக்கு நில்லு. நானே முன்மொழியறேன்," என்றார் போலன்.

"ஏழாவது, ரயில் நிக்காத ஸ்டேஷன், எக்கார்ட். அங்க காத்திருந்து பழக்கம் இருக்கு. ஆனா இனிமே முடியாது."

தோற்றவருக்கும் ஒரு பூங்கொத்து தருவது வழக்கம். அதை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் கோட்டை மாட்டிக்கொண்டார்.

பாதி தூரம் ரயில், மீதி தூரம் மூடிய பாதைக்குப் பதிலாக ஓடும் பேருந்து. அதில் எங்களையும் ஓட்டுநரையும் தவிர யாரும் இல்லை. புல் மண்டிய தண்டவாளம் சாலையோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

"அலுவலகத்த இலையுதிர் காலத்துல காலி பண்ணணும். உனக்கு வேற வேலை பாக்கணும்," என்றார்.

"பரவாயில்ல, டாக்டர்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரீகே, நீ எனக்குத்தான போட்ட?"

"ஆமா, டாக்டர். உங்களுக்குத்தான்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் என் குரல் போனில் கேட்ட குரல்களைப் போலவே இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று யோசித்தேன், தெரியவில்லை.

டாக்டர் லேசாகத் தலையசைத்தார். கோடு போடும்போது அசைத்த அதே அசைவு.