பாதி வெந்த மண்ணீரல்

என் கணவர் கிறிஸ்தோபர் தோட்டத்து டிஸ்பென்சர். காய்ச்சலுக்கும் வெள்ளை மாத்திரை, கால் வீக்கத்துக்கும் வெள்ளை மாத்திரை கொடுத்துவிட்டு, "ஒன்னும் பயப்படாதீங்க" என்று சொல்வது அவர் தொழில். அதை மட்டும் நன்றாகச் சொல்வார்.

தொண்ணூற்று நாலில் எங்கள் குழந்தை ஏழாம் மாதம் என் வயிற்றுக்குள்ளேயே இறந்தபோதும் அதைத்தான் சொன்னார்.

கண்டியில் லேடி டொக்டர் என் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். டொக்சோபிளாஸ்மா என்று ஒரு கிருமி. பூனையின் மலத்தோடு வெளியே வரும். மண்ணில் கலக்கும். மேய்கிற ஆட்டின் உடம்புக்குள் போய் இறைச்சியில் தங்கும். சரியாக வேகாத இறைச்சியைத் தின்றால் மனிதருக்கும் வரும். வந்ததே அநேகம் பேருக்குத் தெரியாது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது முதன்முதலாக வந்தால் பிள்ளையைப் பிடிக்கும். எனக்கு வந்து முடிந்துவிட்டது, அடுத்த பிள்ளைக்கு அநேகமாகப் பயமில்லை என்றார்.

இவ்வளவிலும் என் கணவரின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: பூனை.

ஏனென்று எனக்குத் தெரியும். இறைச்சி என்றால் அவருடைய அம்மா. பூனை என்றால் அதை வளர்த்த நான்.

மாமி மரியாயி, பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் ஊற ஆட்டு மண்ணீரல் வாட்டிக் கொடுப்பதில் பேர்போனவர். சனிக்கிழமைகளில் மாத்தளையில் புஹாரி நானாவின் இறைச்சிக் கடையிலிருந்து அது வரும். கங்கில் இரண்டு புரட்டு, உப்பு, மிளகுத்தூள். அழுத்தினால் நடுவில் சிவப்பாகக் கசிய வேண்டும். "ரத்தம் காஞ்சுபோனா ரத்தம் எப்புடி ஊறும்?" இதுதான் மாமியின் வைத்தியப் படிப்பு. நான் குமட்டக் குமட்ட ஐந்து மாதம் தின்றேன், நல்ல மருமகள் என்று பெயரெடுக்க. அதை நினைத்தால் மாமியைவிட நான்தான் எனக்குக் கேவலமாகத் தெரிகிறேன்.

கணவர் என் சாம்பல் பூனையைச் சாக்கில் கட்டி, மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவில் விட்டுவர பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடி. சாக்கில் என்ன என்று ஆமிக்காரன் கேட்டான். பூனை என்றார். தமிழன் சாக்கில் பூனை என்றால் யார் நம்புவார்கள்? துவக்கு முனையால் குத்தினான். சாக்கு அலறியது. திறந்தபோது பூனை, டிஸ்பென்சரின் கன்னத்தில் நான்கு கோடு கிழித்துவிட்டு மிளகுக் கொடிகளுக்குள் ஓடிப்போனது. அன்று முழுவதும் கன்னத்துக்கு மருந்து தடவியபடி, ஆமிக்காரனிடம் எவ்வளவு நல்ல சிங்களத்தில் பேசினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பூனைமேல் மரியாதை கூடியது.

இறைச்சியைப் பற்றி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "ஆடு எலை தழை திங்கிற சீவன். அதுக்கு என்னா சீக்கு வரும்? பூனை வளத்த வயிறுன்னு ஒத்துக்க ஒனக்கு மனசு வரல" என்றார் மாமி. பிறகு நான் பேசுவதை விட்டுவிட்டேன். எனக்கு அடுத்த பிள்ளை தங்கவில்லை. அவர்களை மனதுக்குள் இகழ்ந்துகொண்டிருப்பதே வேலையாயிற்று. சமைக்கும்போது இகழ்ந்தேன், செபமாலை சொல்லும்போதும் இகழ்ந்தேன். குளிருக்குப் போர்வை மாதிரி அது எனக்கு இதமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து நாத்தனார் மரிய கொறற்றி வந்தாள். தலைப்பிள்ளை, நான்காம் மாதம். கொழும்பில் சுற்றிவளைப்பும் கைதும் அதிகமென்று அவள் புருஷன் தாய் வீட்டுக்கு அனுப்பியிருந்தான். வந்த வாரமே சனிக்கிழமை மண்ணீரல் கங்குக்கு வந்தது.

"அம்மா, இன்னும் ரத்தம் வடியுது."

"வடியணும்டி. மூக்கப் புடிச்சிக்கிட்டு முழுங்கு."

நான் அடுப்படி நிலையில் நின்றேன். தின்னட்டும் என்று தோன்றியது. ஏழாம் மாதம் வரட்டும். இப்போதுதான் வீட்டில் பூனை இல்லையே, யாரைச் சாக்கில் கட்டுவார்கள்? மாமியின் முகம் அப்போது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இனித்தது.

கொறற்றி இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினாள். நான் மூடியதுபோலவே. நல்ல மகள் என்று அவளுக்கும் பெயர் வேண்டியிருந்தது.

"மாமி, அதத் திரும்ப அடுப்புல போடுங்க. நல்லா வேகட்டும்."

"ஒன்னயக் கேட்டாங்களா?"

முன்னறையிலிருந்து பத்திரிகையை மடிக்காமலே கணவர் சொன்னார்: "மதலேனா, வீட்லதான் பூனையே இல்லயே. பின்ன என்னா பயம்?"

படித்தவர். அவரிடம் இனி என்ன பேச? டொக்டரின் வார்த்தையை நம்பாதவர்கள் எதை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். போய்க் கொறற்றியின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினேன். அந்தக் கிருமி என்னை எப்போதோ பார்த்துவிட்டது. புதிதாக என்ன எடுக்கும்? நின்றபடியே தின்றேன். கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தேன். பிறகு அவள் வயிற்றை வேண்டுமென்றே ஏற இறங்கப் பார்த்து, "என்னா ருசி! எல்லாச் சனிக்கெழமையும் வாங்குங்க மாமி. எனக்கும் ஆசையா இருக்கு" என்றேன்.

மாமி மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"புள்ளத்தாச்சி தட்டப் பறிச்சித் திங்கிறாளே! கொள்ளிக்கண்ணி! இந்தப் புள்ள பொறக்குற வரைக்கும் இந்த வீட்டுல மண்ணீரலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

சொன்னபடியே செய்தார். என் கண்ணுக்குப் பயந்து வீட்டில் இறைச்சியே நின்றது. கொறற்றி கருவாடும் பருப்பும் தின்றாள். ஐந்து மாதமும் என்னை நேராகப் பார்க்கவில்லை. நான் வரும்போதெல்லாம் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பெண் குழந்தை, மூன்று கிலோ. வஹகோட்டைக் கோயிலில் ஞானஸ்நானம். என்னைத் தூக்க விடவில்லை. கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து, தண்ணீர் பட்டதும் அது கத்திய கத்தலைக் கேட்டேன். நல்ல நெஞ்சுரம். மாமியிடமிருந்து வந்திருக்கும்.

என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் நான்கு கோடுகளும் இன்னும் மங்கலாகத் தெரிந்தன.

"பாத்தியா மதலேனா," என்றார் மெதுவாக, ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோல. "பூனை இல்லாத வீடு."