கரவானின் வலப்பக்கச் சில்லு

பாரிஸின் போர்த் து லா சப்பலைத் தாண்டுவதற்குள், காருக்குப் பின்னால் கொளுவியிருந்த கரவான் என்ற படுக்கை வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து இழுக்கத் தொடங்கியது. குணரத்தினம் காரை ஓரங்கட்டினார். மனைவி தில்லைநாயகி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். கரவானின் வலப்பக்கச் சில்லின் டயர் நிலத்தோடு நசிந்து கிடந்தது. ரப்பர் கருகிய மணம் மூக்கில் ஏறியது.

மகள் கஜந்தினி மாக்சிம் என்ற பிரெஞ்சுக்காரனைக் கட்டி நாந்து நகருக்குப் போனபிறகு குணரத்தினம் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பேத்தி பிறந்த செய்தி வந்ததும் யாரிடமோ இந்தப் பழைய கரவானை வாங்கினார். "குழந்தையைப் பாக்கலாம். ஆனால் அவன்ரை வீட்டிலை படுக்கமாட்டன்" என்றார். எப்படியாவது போனால் போதுமென்று தில்லைநாயகி கரவான் யன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்தாள். இன்று காலை அவர் அதைப் புறநகரில் நண்பரின் வளவிலிருந்து விரைசாலையில் இழுத்துவந்து, லா சப்பலில் இவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார்.

பக்கத்து ஒபர்வில்லியேயில் டயர் திருத்தும் மடுத்தீன், குணரத்தினம் தொலைபேசியில் கூப்பிட்டதும் தன் வான் வண்டியில் வந்து சேர்ந்தான். டயரைக் கழற்றி உட்பக்கத்தைத் தடவினான். விரலெல்லாம் கறுப்புத் தூள்.

"அண்ணை, காத்து எவ்வளவு அடிச்சனீங்கள்?"

"காருக்கு அடிச்ச அளவுதான்."

"கரவானுக்கு இன்னும் கூட வேணும். காத்துக் குறைஞ்சு, பாரத்திலை நசிஞ்சு, சூடாகி உள்ளுக்கு அரைபட்டுப் போச்சு. ஆணி குத்தின ஓட்டையெண்டால் ஒட்டித் தருவன். இதை ஒட்டேலாது. புது ரயர் திங்கக்கிழமைதான் எடுக்கலாம்."

"அப்ப திரும்புவம். இன்னொரு நாள் பாப்பம்."

குணரத்தினத்தின் குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. தில்லைநாயகிக்குச் சுருக்கென்றது. அவருடைய கோபத்தை அவளுக்குத் தெரியும். அதோடுதான் இத்தனை காலம் சமைத்தாள், படுத்தெழும்பினாள். இது கோபமில்லை. மகளின் வாசலில் போய் நிற்க அவர் பயப்படுகிறார்.

"தம்பி, கரவானை உங்கடை இடத்திலை விடலாமோ?"

"ஓம் அக்கா. தூரத்துக்குத் தாங்காது, ஆனால் அங்கை வரைக்கும் என்ரை வானிலை கொளுவி இழுக்க ஒரு பழைய சில்லுக் கிடக்கு, பூட்டிவிடுறன்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, கரவானைக் கழட்டிவிடுங்கோ. நாங்கள் காரிலை போவம்."

"எங்கை படுக்கிறது?"

"பிள்ளையின்ரை வீட்டிலை."

ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடி விலகிப் போனது. மடுத்தீன் பழைய சில்லைப் பூட்டி முடித்தபிறகு, குணரத்தினம் தானாகவே போய்க் கரவானுக்குக் கட்டை வைத்தார், விளக்கு வயரை உருவினார், காரோடு பிணைத்த கொளுக்கியைத் தூக்கினார். பாரம் விட்டதும் காரின் பின்பக்கம் மெல்ல மேலெழுந்தது.

தில்லைநாயகி காரில் ஏறி இருந்தாள். குணரத்தினம் கரவானுக்குள் போனார். போனவர் சுணங்கித்தான் வெளியே வந்தார். கரவானில் படுக்கக் கொண்டுவந்த தன் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திறந்திருந்த கார்க் கதவுக்கு வெளியே நின்றார்.