உச்சிவெயில் அறுவடை

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரம் சுண்டல் கடை வைத்திருக்கிற ஃபைஸாவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. ஊரே வடக்கிலிருந்து லாரியில் வருகிற கொண்டைக்கடலையை வாங்கி வேகவைக்க, இவள் மட்டும் நம்ம மண்ணிலேயே விளைவித்துக் காட்டுகிறேன் என்று செங்கல்பட்டுப் பக்கம் செங்கல்வராயனின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தாள். குளிர் கேட்கிற பயிராச்சே, இந்த வேக்காட்டில் வருமா என்று கேட்காத வாயில்லை.

விதையைக் கொடுத்தவள் விவசாயக் கல்லூரியில் வேலை பார்க்கும் சிநேகிதி சுஜாதா. துருக்கி மலைச்சரிவில் இன்னும் காட்டுச்செடியாகவே நிற்கும் கொண்டைக்கடலையை நம் கடலையோடு கலந்து உண்டாக்கிய விதை. வெயிலை அது ஜோராகத் தாங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் காட்டுப் புத்தி போகவில்லையே! நெற்று காய்ந்ததும் வெடித்து, மணிகளை மண்ணில் இறைத்துவிடும். மூன்று வருஷமாக இதே கூத்து.

"இந்த வாட்டியும் கொட்டிச்சின்னா நெலத்த தர்பூசணிக்காரனுக்கு வுட்டுர்றேன்மா. அப்புறம் என்னாண்ட வந்து கேக்காத," என்று செங்கல்வராயன் கறாராகச் சொல்லிவிட்டார். ஃபைஸாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு அறுவடை.

அறுவடைக்கு வருகிறவள் விஜயகுமாரி. உளுந்தோ பயறோ, அவள் ஆட்கள் பறித்தால் ஒரு மணி சிந்தாது என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். விடிகிற நேரத்தில், பனியீரத்தில் நெற்று பதமாக இருக்கும்போதே பறித்து முடித்துவிடுவாள். கடலையையும் மூன்று வருஷமாக அப்படித்தான் பறித்தாள்; வெயில் ஏறுவதற்குள் பறித்தது மட்டும் தேறும், மிச்சமெல்லாம் கொட்டிவிடும்.

இந்தச் சாமர்த்தியத்தை ஃபைஸா போனில் பெருமையாகச் சொல்லப்போக, சுஜாதா குறுக்கே புகுந்தாள். அவள் சொன்னது: பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தத் துருக்கி மலைக்காரர்களுக்கு ஒரு படிப்பும் தெரியாது. அவர்கள் பறிக்கப் போவதற்குள் வெடிக்கிற செடியெல்லாம் கொட்டிவிடும். வெடிக்காமல் நின்றதுதான் வீட்டுக்கு வந்தது, அதையேதான் மறுபடி விதைத்தார்கள். காட்டுக்கடலை வீட்டுக்கடலை ஆனது அப்படித்தானாம்.

ஃபைஸாவுக்குச் சுருக்கென்றது. வெடிக்கும் முன்பே பறித்துப் பறித்து, கொட்டுகிற செடியின் விதையைத் தானேதான் வருஷா வருஷம் திரும்ப விதைத்துக்கொண்டிருந்தாள்!

மறுநாள் விடியலில் ஆட்களோடு வந்த விஜயகுமாரியை அவள் வரப்பிலேயே நிறுத்தினாள். நாலு நாள் கழித்து, உச்சிவெயிலில் வரச் சொன்னாள். விஜயகுமாரிக்கு வந்ததே கோபம்.

"இன்னா பேசறம்மா நீ? திங்கற பொருள மண்ணுல கொட்டவுட்டு வேடிக்க பாக்கறதா? எங்கைய இப்டி யாருமே கேவலப்படுத்தனதில்ல."

"உங் கை சுத்தம்க்கா. அதான் இத்தன நாளா எது கொட்டுது, எது நிக்குதுன்னே தெரியல. கொட்றது கொட்டட்டும்," என்றாள் ஃபைஸா.

நாலு நாளும் வயல் சடசடத்தது. செங்கல்வராயன் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் உச்சிக்கு எல்லோரும் இறங்கினார்கள். முதல் வரிசை காலி. இரண்டாவது வரிசையிலும் முறுக்கிக்கொண்ட வெறுந்தோல்தான். பாதி வயல் தாண்டியும் ஒன்றுமில்லை. எல்லாம் போச்சு, நாமே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாள் ஃபைஸா.

"ஃபைஸாம்மா, இங்க வா," என்றாள் விஜயகுமாரி, மெதுவாக. ஒரு செடி நிறைய நெற்று, சருகாகக் காய்ந்து, ஒன்றுகூட வாய் திறக்காமல் தொங்கியது. அவள் உலுக்கினாள். உள்ளே மணிகள் கலகலத்தன, ஒன்றும் விழவில்லை. அப்புறம் பெண்கள் வயலையே சல்லடையாய்ச் சலித்தார்கள். பதினோரு செடி கிடைத்தது.

சிரிக்கலாம் என்று வந்த செங்கல்வராயன் ஒன்றை வாங்கி உள்ளங்கையில் ஓங்கி அடித்துப் பார்த்தார். வெடிக்கவில்லை. மறுபடி அடித்தார். விவசாயி அல்லவா, கையில் இருப்பது விதை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தர்பூசணிக்காரன் வேற எடம் பாத்துக்கட்டும்," என்றார்.

ஃபைஸா வரப்பில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள். விஜயகுமாரி பதினோரு செடியையும் தன் முந்தானையில் கட்டி அவள் மடியில் வைத்தாள்.

"அடுத்த வருசமும் உச்சிக்கே வர்றோம்," என்றாள்.