பத்தொன்பதாம் தேதி

பாடத்துக்கு ஒரு வலைப்பக்கம் போடுங்கள் என்று துறைத் தலைவர் சொன்னபோது வந்த எரிச்சலை நான் வெளியே காட்டவில்லை. ஒப்பந்த விரிவுரையாளனுக்கு எரிச்சலெல்லாம் கட்டுப்படியாகாது. நான் நடத்துவது மருத்துவப் பதிவேடுகள் பற்றிய மாலை நேரப் பாடம். வேலைக்குப் போகிறவர்கள்தான் படிக்கிறார்கள். தினமும் வர முடியாதவர்களுக்குப் பக்கம் உதவுமாம். சரி என்று தலையாட்டிவிட்டு, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். போன வருடத்து ஆசிரியர் போட்ட பக்கத்தை அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றி, தேதிகளை மாற்றினேன். மொத்தம் பதினோரு தேதிகள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெரிய சாதனை என்று எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை உண்மையிலேயே நம்பிப் படித்தது ஒரே ஒரு ஆள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா. வயதில் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர் என்பதால் மொத்த வகுப்பும் அக்கா என்றுதான் கூப்பிடும், நான் உட்பட. பதினாறு வருடமாக நீராவி அறையில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியவர். அதே மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இப்போது ஓர் இடம் காலி. இந்தப் பாடத்தில் தேறிய சான்றிதழை மாத முடிவுக்குள் கொடுத்தால் இடம் அவருக்கு. இல்லையென்றால் வேறு யாருக்காவது. ஷிஃப்ட் மாறியதால் கடைசி மூன்று வகுப்புகளுக்கு வர முடியாது என்று என்னிடம் வருத்தப்பட்டார். நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எதுக்குக் கவலைப்படுறீங்க? நம்ம பக்கத்தப் பாருங்க, எல்லாம் அதுல இருக்கு," என்றேன்.

வகுப்பில் அறிவித்தபடி தேர்வு பதினேழாம் தேதி நடந்தது. அக்கா வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. சலவைப் பிரிவில் போனை உள்ளே விடமாட்டார்கள். பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதரைக்கு, மடிப்புக் கலையாத உடையில், வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். எந்த ஹால் என்று கேட்டார்.

தேர்வு முந்தாநாளே முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் போட்ட பக்கம்தான். அடியில், தனிக் கட்டத்தில், இறுதித் தேர்வு 19, காலை பத்து மணி. போன வருடத்துத் தேதி. பத்தை மாற்றியவன் பதினொன்றாவதைக் கோட்டை விட்டிருக்கிறேன். 

இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு ஓடினேன். கணினியைத் திறந்து, பத்தொன்பதைப் பதினேழாக்கி, சேமித்தேன். ஏன் அதை முதலில் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பத்து வருடமாக விடைத்தாள் திருத்திய கை, தப்பைக் கண்டால் தானாகப் போகிறது. இனி யாரும் ஏமாறக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சப்பைக்கட்டு வேறு. தேர்வுதான் முடிந்துவிட்டதே, மடையா, இனி யார் ஏமாறப்போகிறார்கள்?

பிறகு அக்காவைத் தேர்வுப் பொறுப்பாளரிடம் கூட்டிப்போனேன். அந்த மேடம் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். தவறு கல்லூரியுடையது என்றால் தனித் தேர்வு வைக்க விதி இருக்கிறது, ஆனால் அந்தத் தேதியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அக்கா நம்பிக்கையோடு போனை எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தடுக்கக் கையை நீட்டுவதற்குள் பக்கம் புதிதாகத் திறந்துவிட்டது. பதினேழு.

அக்கா போனைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பதினேழுன்னுதான் இருக்கு மேடம். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுப் பாத்தேன். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் போல."

"இல்ல மேடம், பத்தொன்பதுதான் இருந்துச்சு. இப்பதான் நான் மாத்தினேன்," என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்பவன் குரலாகக் கேட்டது.

மேடம் சிரித்தார். "போன தடவை ஒருத்தன் லேட்டா வந்ததுக்கு, பஸ் வழியில நின்னுபோச்சுன்னு நீங்கதான் வந்து சொன்னீங்க. அன்னைக்கு பஸ் ஸ்டிரைக். உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும் சார். ஆனா அவங்களே ஒத்துக்கிட்டாங்களே."

கணினிப் பிரிவுக்குப் போன் போட்டேன். பழைய பக்கம் எங்காவது கிடைக்குமா என்று கெஞ்சினேன். சேமித்தால் பழையது போய்விடும், அதற்குப் பெயர்தானே சேமிப்பது என்று பதில் வந்தது. தவறு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேடம் அதைப் படிக்காமலே கோப்பில் செருகினார். மாணவி தேதியைத் தவறாகப் படித்ததை ஒப்புக்கொண்டார் என்று தன் தாளில் எழுதினார். அக்கா அதில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவரை நிறுத்தினேன். 

"அக்கா, நீங்க சரியாத்தான் படிச்சீங்க. சத்தியமா. உங்கள நிக்க வச்சிட்டுப் போய் நான்தான் மாத்தினேன்."

அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விடுங்க சார். எனக்காகப் பொய் சொல்லி உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுது. மொதல்ல நான் கண்ணக் காட்டணும்."

இல்லை, இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, இவ்வளவு தூரம் எனக்காக யார் பேசியிருக்கிறார்கள், ரொம்ப நன்றி சார் என்று சொல்லிவிட்டு, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று படியிறங்கிப் போனார்.