குறுக்குக் கோடு

ஈவ்லின் கணவருக்குச் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எபி அந்தத் தாளைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினான். ஈவ்லின் வாங்கவில்லை. ஞானையாவின் நெஞ்சில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. இரண்டு பொத்தான் பாக்கி.

"அம்மா, இதைப் படிச்சுச் சொல்லு. பதினோரு மணிக்கு பாஸ்டர் வந்துடுவாரு. அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேப்பாரு."

ஞானையா கடைசியாக எதுவும் சொல்லவில்லை. பக்கவாதம் வந்து மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. நேற்று மத்தியானம் விரலை அசைத்து அசைத்துப் பென்சில் கேட்டார். எபி சர்ச் காலண்டரின் போன மாதத் தாளைக் கிழித்துத் திருப்பி, அட்டை வைத்துக் கொடுத்தான். அரைப் பக்கம் எழுதினார். அப்புறம் தூங்கினார். காலையில் ஈவ்லின் எழுந்து வந்து பார்த்தபோது போயிருந்தார்.

எபிக்கு அது கோழி கிளறியது மாதிரி இருந்தது. எல்லாம் சுருக்கெழுத்து. மெல்லிய கோடு, தடித்த கோடு, புள்ளி. கோர்ட்டில் முப்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்த மனிதர் சாகும்போது மட்டும் ஊருக்குப் புரிகிற மாதிரியா எழுதுவார்? அஸ்தினாபுரத்து வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் ஈவ்லின் ஒருத்திதான். தாம்பரத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். டிக்டேஷன் நோட்டின் ஓரத்தில் அவள் பெயரை ஒரே இழுப்பில் எழுதிக் காட்டித்தான் அவர் கல்யாணத்துக்கே அடி போட்டார்.

நேற்றே முதல் வரியைப் பார்த்துவிட்டிருந்தாள். 'கேள்வி' என்று இருந்தது. அடுத்த வரியில் 'பதில்'. கோர்ட்டில் சாட்சி விசாரணையை எழுதுகிற முறை. அதற்கு மேல் படிக்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

எந்த வழக்கு என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய குண்டுவெடிப்பு வழக்கு. கதவைச் சாத்தி, ஒரு சாட்சியைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து விசாரித்தார்கள். சாட்சி யார், என்ன சொன்னார் என்பது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்று நீதிபதி உத்தரவு. உள்ளே இருந்த ஸ்டெனோ ஞானையா. நாலாம் நாள் வீட்டுக்கு வந்து, "என்னை எதுவும் கேக்காத ஈவ்லின்" என்றார். அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த அறையில் என்ன கேட்டாரோ, அதற்குப் பிறகு குக்கர் விசில் அடித்தால் மனிதர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒரு மாதம் பார்த்தாள். குக்கரைப் பரணில் போட்டுவிட்டுச் சோற்றை வடிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு விசிலுக்கு ஜன்னலைச் சாத்தினாள். ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை அவராகவே சொன்னார். "டைப் அடிச்சு முடிச்ச பக்கத்துல குறுக்க ஒரு கோடு போடுவோம் இல்ல? அந்த நோட்டுல போடல. டைப் அடிச்ச உடனே நோட்டை வாங்கி சீல் வெச்சுட்டாங்க. கோடு போட்டிருந்தா எனக்கு முடிஞ்சிருக்கும்."

"படிம்மா," என்றான் எபி. "ரெண்டு வரியாவது."

"இது கோர்ட் சமாச்சாரம்டா. யாரும் படிக்கக் கூடாது."

"கேஸ் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு? அப்பாவே போயிட்டாரு. இனிமே யாரு கேக்கப் போறா?"

"அந்த சாட்சி எங்கயாவது உயிரோட இருப்பாங்க இல்ல."

எபி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அரைப் பக்கமும் கோர்ட்டுதான்னு உனக்கு எப்படித் தெரியும்? கடைசியில நமக்கு ஏதாவது எழுதியிருந்தா?" என்றான். 

அதுதான் ஈவ்லினையும் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளை விட்டுவிட்டு, முகம் தெரியாத யாரோ ஒரு சாட்சிக்கா கடைசிப் பென்சில் என்று கோபமாகவே வந்தது. அவளுக்கும் எழுதியிருக்கலாம். அவள் பெயரின் அந்த ஒற்றை இழுப்பு அடியில் எங்கேயாவது இருக்கலாம். தேடினால் மற்றதும் கண்ணில் படும். கோட்டைப் பார்த்தால் வார்த்தை தானாக வந்து நின்றுவிடும். அதை அவளால் நிறுத்த முடியாது.

தாளை வாங்கினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள். தாளில் எல்லாம் மங்கிக் கலைந்து தெரிந்தது.

"அந்தப் பென்சிலை எடு."

மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குக் குறுக்காக ஒரு கோடு போட்டாள். கண்ணாடி இல்லாததால் நடுவில் கொஞ்சம் வளைந்தது. தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். மீதி இரண்டு பொத்தானையும் போட்டாள்.

"பாஸ்டர் கேட்டா என்ன சொல்றது?"

"வேலையை முடிச்சுட்டுப் போனாருன்னு சொல்லு."

எபி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, வர்றவங்களுக்கு எங்க வீட்லயே சமைச்சுடறேன். நீங்க எதையும் யோசிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஈவ்லின் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் படுத்தபடியே இருந்தார்.

ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.