மாமியார் லிப்ஸ்டிக்

டொலீடோ நகரத்துப் பவளக்காரர்களில் லோர்னா பாவ்லக் அளவுக்கு வாய் நீண்டவளும் கிடையாது, கை குறுகியவளும் கிடையாது. முப்பது வருடம் ஊரார் தலைமுடியை வெட்டிப் பிழைத்தவள், ஓய்வு பெற்றபின் வீட்டுக்கு அடியிலிருந்த அறையில் உயிருள்ள பவளம் வளர்த்து, அதை வெட்டி விற்றுப் பிழைத்தாள். கடலில் பெயர்த்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்தவை. நகமளவு அறுத்து, பீங்கான் வில்லையில் பசை போட்டு ஒட்டினால் சில மாதத்தில் அது தனிப் பவளம்.

அவற்றில் ஒன்றின்மேல்தான் அவளுக்கு உயிர். தட்டு மாதிரி விரிந்து, ரத்தச் சிவப்பில், பச்சைப் பச்சையாய்க் கண்கள். ஒரு கண்ணோடு துணுக்கு உடைத்தாலே அது தனியாய் வளரும். முன்னாள் மாமியார் உதட்டில் அப்பிக்கொண்டு சர்ச்சுக்கு வந்த அதே சிவப்பு. அதனால் ‘மாமியார் லிப்ஸ்டிக்’ என்று பெயர் வைத்தாள். பவளக்காரர்கள் கூடும் வசந்தகாலச் சந்தையில்தான் முதன்முதலாக அறுத்து விற்பது என்று இரண்டு வருடம் கட்டிக் காத்தாள்.

பவளக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அருமையான பவளம் அமைந்தால் ஒரு துண்டை நண்பனுக்குச் சும்மா கொடுத்துவிடுவார்கள். இது தர்மமில்லை, தந்திரம். நம் தொட்டி செத்தால் அவனிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பள்ளிப் பேருந்து ஓட்டும் டுவேன் ஸ்காக்ஸும் பவளக்காரன்தான்; லோர்னாவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான்.

“ஒரே ஒரு கண்ணு குடுங்க லோர்னா. நாளைக்கு ஆபத்துக்கு உதவும்.”

“என் தொட்டிக்கு ஆபத்து வர உன் வாய் ஒண்ணு போதும். போய் பஸ்ஸைப் பாரு.”

சந்தைக்கு ஒரு வாரம் முன்பு விளம்பரத்துக்குப் படம் எடுத்தாள். தொட்டியின் நீல விளக்கை உச்சத்துக்கு ஏற்றினால் கருவாடுகூட மின்னும். ஏற்றினாள், எடுத்தாள், படத்தைப் பார்த்துத் தானே சொக்கிப்போனாள். சொக்கின சொக்கில் விளக்கை இறக்க மறந்து, நான்கு நாள் மகள் வீட்டுக்குக் கிளீவ்லாந்து போய்விட்டாள். அந்த வகைப் பவளத்துக்கு மங்கிய வெளிச்சம்தான் ஆகும். திரும்பி வந்தபோது மாமியார் வெளுத்து, சதை கழன்று, வெறும் எலும்பாய்க் கிடந்தாள். லோர்னா வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நிஜ மாமியார் செத்தபோது ஒரு சொட்டு வரவில்லை.

இருந்தாலும் சந்தைக்குப் போனாள். போகாவிட்டால் ஊர் சிரிக்கும், போனாலும் சிரித்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாமல் காபி வாங்க எழுந்தவள், டுவேனின் மேசையைக் கடக்கும்போது நின்றுவிட்டாள். மேசைக்கு அடியில், துண்டு போட்டுப் பாதி மூடிய சின்னத் தொட்டிக்குள் அதே சிவப்பு.

“டேய், என்னடா இது?”

“அது... பவளம்.”

“பவளம்னு எனக்கும் தெரியும். யாரோடது?”

பக்கத்து நாற்காலியில் இருந்த டுவேனின் மனைவி டோனட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெல்ல நழுவினாள்.

“போன வருஷம் உங்க தொட்டியை நகர்த்த வந்தேன்ல? நீங்க மேல போனப்ப ஓரத்துல ஒரு கண்ணு உடைஞ்சுது.”

“தானா உடைஞ்சுதா?”

“இல்ல. உடைச்சேன். காபி கப்புல போட்டுக் கொண்டுபோனேன்.”

“காபி கப்புலயா!” திருட்டைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“கழுவிட்டுத்தான் போட்டேன். சத்தியமா. உங்களுது செத்துப்போச்சுன்னு நேத்துதான் தெரிஞ்சுது. குடுத்தா நான் திருடன்னு தெரிஞ்சுடும். குடுக்கலைன்னா நான் மனுஷனே இல்ல. அதான் என்ன பண்றதுன்னு தெரியாம துண்டைப் போட்டு வெச்சிருக்கேன்.”

ஊரைக் கூட்டி அவன் மானத்தை வாங்கியிருக்கலாம். அதற்குத் தோதான வாய் அவளுக்கு இருந்தது. ஆனால் செத்ததென்று அழுத பொருள் கண்முன் உயிரோடு இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

சிவப்பு, அவள் தொட்டியில் இருந்ததைவிடச் சிவப்பு. பச்சைக் கண்கள் நெருக்க நெருக்கமாய், ஒவ்வொன்றும் மிளகு பருமனுக்கு. அவளிடம் ஒருநாளும் அது இப்படி இருந்ததில்லை. திருடு போனது வலிக்கவில்லை, இதுதான் வலித்தது. பதினைந்து வருடமாய் பவளம் வளர்க்க ஊரே அவளிடம் வந்து யோசனை கேட்டிருக்கிறது. அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை.

டுவேனின் மனைவி விட்டுப்போன நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இதுக்கு என்ன லைட்டுடா போடற?”