முதலாளியம்மா கேட்ட நாலு வரி

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வண்டியைப் பழுதுபார்க்கும் பட்டறையின் முதலாளியம்மா கேட்டது நாலே வரி. "நடந்ததை நாலு வரி எழுதிக் குடுங்க சார். அந்த அம்மாவைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கறதா, போகச் சொல்றதான்னு அதைப் படிச்சுட்டுத்தான் முடிவு பண்ணணும். வண்டியில உட்கார்ந்திருந்தது நீங்கதானே" என்றார். சனிக்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். இன்று வியாழன். எழுதிப் பிழைக்கிறவனிடம் நாலு வரி கேட்டால் பதினான்கு தாள் குப்பைக்குப் போகும் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அன்று காலை வானம் ஒரு மாதிரி—" [அடித்துவிட்டேன். வானத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.]

பிறகு இப்படி:

"மரணம் என் வண்டியின் இடது பின்சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தது."

இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "சக்கரத்துல உட்கார்ந்தா சுத்திக்கிட்டேல்ல வரணும்? அதுக்குத் தலை சுத்தாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்போது அந்த வரியைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. போகட்டும். முதலாளியம்மா சொன்ன அந்தத் தையல்காரம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

தையல்காரம்மாவுக்கு வயது நாற்பத்திமூன்று. இருபது வருடம் தைத்துக்கொண்டிருந்த கடையை ஒரு நாள் இழுத்து மூடினார்கள். மறு மாதமே பட்டறை வாசலில் ஒரு அட்டையைப் பார்த்தார். 'வண்டி வேலை பழக ஆள் தேவை. வயது தடையில்லை' என்று அதில் எழுதியிருந்தது. முதலாளியம்மா அதைப் பதினேழு வயதுப் பையன்களை மனதில் வைத்து எழுதியிருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்து நிற்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"யாருக்கும்மா, உங்க பையனுக்கா?"

"இல்லைங்க. எனக்கு."

வீட்டில் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?"

"இந்த வயசுலயும் பசிக்குதேடா."

அது பதிலுக்காகச் சொன்னது. உண்மையான காரணம் வேறு. இருபது வருடமாக அக்கம்பக்கத்துத் தையல் மெஷின் எதுவும் அவர் கை படாமல் ஓடியதில்லை. துணியை விட மெஷின்தான் பிடித்திருக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவுதான்.

ஒரு மாதம் வேலையைப் பார்ப்பது, பிடித்திருந்தால் இரண்டு வருடப் பயிற்சிக்குக் கையெழுத்துப் போடுவது என்று பேச்சு. கற்றுக்கொடுக்க வேண்டியவருக்கு வயது இருபத்தாறு. பட்டறையில் அவரைப் 'பத்து' என்பார்கள். எந்த வேலையைத் தொட்டாலும் "என் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எவன் எடுத்தான்?" என்று கத்துவதால் வந்த பெயர். முதல் நாளே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்கக்கா, வேலைன்னு வந்துட்டா வயசு பார்க்க மாட்டேன். என்னை மேஸ்திரின்னுதான் கூப்பிடணும்."

"சரி தம்பி."

அன்றிலிருந்து பத்து அவருக்குத் தம்பிதான்.

முதல் முறையாக ஒரு சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைப் பிரித்துக் காட்டினார் பத்து. தையல்காரம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பதுபோல இருந்ததாம். எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துவிட்டதாம். அன்று வீட்டுக்குப் போகும்போது, நகக்கண்ணில் கறுப்பாக இருந்த கிரீஸைக் கழுவ மனசு வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

3

[எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவரை ரொம்ப நல்லவராக எழுதிக்கொண்டு போகிறேனோ?]

நேற்றுப் பட்டறைக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவரிடமே கேட்டேன். "அம்மா, உங்ககிட்ட என்ன குறை? நிஜமாச் சொல்லுங்க, கதைக்கு வேணும்."

"உங்க சட்டைக் காலர்ல நூல் பிரிஞ்சு தொங்குது. அதைத்தான் வந்ததுலருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

குறை கேட்டால் என் குறையைச் சொல்கிறார்! பிறகு யோசித்து, தன்னுடையதையும் சொன்னார். யாராவது திருத்தினால் சுருக்கென்று கோபம் வரும். பத்தாம் நாள் பத்து ஏதோ சொல்ல, அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நேர்த்தி. எதைச் செய்தாலும் பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும்.

"அந்த நேர்த்திதான் சார் அன்னைக்குக் கவுத்துவிட்டுச்சு."

4

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தை மாட்டும்போது வண்டி மேலே தூக்கி நிற்கும். அப்போது நட்டுகளைச் சும்மா கையால் முடுக்கி விடுவார்கள். வண்டியைத் தரைக்கு இறக்கிய பிறகுதான் நீளமான ஒரு ஸ்பேனரால் முழுசாக இறுக்குவார்கள். சரியான அளவுக்கு இறுகியதும் அந்த ஸ்பேனர் 'டக்' என்று சொல்லும். 'டக்' கேட்ட பிறகு, மஞ்சள் மார்க்கரால் நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் படுகிற மாதிரி ஒரே கோடு. கோடு போட்டாயிற்று என்றால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். சரிபார்க்கிறவர் கோட்டைப் பார்த்துத்தான் வண்டியின் வேலை அட்டையில் கையெழுத்துப் போடுவார்.

தையல்காரம்மாவின் இருபது வருடம் இதற்கு நேர் எதிர். தையலில் முதலில் சாக்பீஸால் கோடு, பிறகுதான் கத்தரி, பிறகுதான் ஊசி. கோடு போடாமல் வேலையைத் தொடவே கூடாது.

இருபத்தாறாம் நாள் எங்கள் வண்டிக்குப் பிரேக் வேலை. மூன்று சக்கரம் மாட்டி, இறக்கி, இறுக்கி, கோடு போட்டாயிற்று. நாலாவது மட்டும் ஜாக்கியில் தூக்கி நின்றது. நட்டுகளைக் கையால் முடுக்கினார். சக்கரம் கண்ணுக்கு நேராக, கைக்கு வாகாக இருந்தது. பையில் இருந்த மார்க்கரைக் கை தானாக எடுத்தது. நாலு நட்டுக்கும் நாலு கோடு, அளவெடுத்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துப் பத்து கூப்பிட்டார். "அக்கா, இந்த லைட்டைக் கொஞ்சம் பிடிங்க." போனார். கொஞ்ச நேரம் பிடித்தார். திரும்பி வந்து ஜாக்கியை இறக்கினார். மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. ஸ்பேனரைக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டினார். பத்து வந்து நாலு சக்கரத்துக் கோட்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தையல்காரம்மாவுக்குப் பொறி தட்டியது. எப்படித் தெரியுமா? முழங்கால்.

தரையில் இருக்கிற சக்கரத்தை இறுக்கக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். உட்காரும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு வலது முழங்கால் சுரீர் என்னும். அன்று காலை மூன்று தடவை சுரீர் என்றது நினைவிருந்தது. நாலாவது எங்கே? எத்தனை யோசித்தும் நாலாவது வலி கிடைக்கவில்லை.

[இந்த இடத்தில் "அவர் உடனே எழுந்து ஓடினார்" என்று எழுதியிருந்தேன். பொய். நேற்று நான் கேட்டேன்.]

"தெரிஞ்ச உடனே சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார்." தலையைக் குனிந்துகொண்டார். "சாப்பாட்டு டப்பாவைக் கழுவினேன். சுத்தமான டப்பாவைத் திரும்பவும் ஒரு தடவை கழுவினேன். இன்னும் நாலு நாள் போனா கையெழுத்து. சொன்னா போச்சு. சொல்லலன்னா, ஒண்ணும் ஆகாமலேகூடப் போகலாம். அப்படியே ஏதாவது ஆனாலும் அட்டையில இருக்கறது தம்பி கையெழுத்து. இதையெல்லாம் நினைச்சேன் சார். நினைக்கலன்னு சொல்ல மாட்டேன்."

டப்பாவை ஈரத்தோடு வைத்துவிட்டு, பட்டறை நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "காலையில போன வெள்ளை வண்டிக்கு நாலாவது சக்கரம் நான் இறுக்கல."

5

நானும் என் மனைவியும் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். [முதல் பிரதியில் பின்சீட்டில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றியிருந்தேன். மனைவி இறக்கிவிட்டாள்.] போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"ஏங்க, வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்றாங்க."

"யாரு? இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, போய்ச் சேர்ந்துட்டு—"

"பட்டறை முதலாளியம்மா. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

நிறுத்தினேன். ஒரு பாத்திரக்கடை வாசல். கதைக்கு வசதியாகப் பக்கத்தில் பாலமோ பள்ளமோ ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்தில் பத்துவின் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் தையல்காரம்மா அந்த நீள ஸ்பேனரை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கினார். நேராக இடது பின்சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது எனக்கே கேட்டது.

முதல் நட்டு அரைச் சுற்றுப் போய் 'டக்' என்றது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது ஒரு முழுச் சுற்று. நாலாவதைத் தொட்டதும் விரலோடு சுழன்று வந்தது. அது வரையில் எனக்குக் கோபம்தான் இருந்தது. நல்ல நல்ல வார்த்தைகளாகக் கோத்தும் வைத்திருந்தேன். அந்த நாலாவது நட்டைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

அவர் எழுந்தார். "நான்தான் சார். இறுக்காமலே கோடு போட்டுட்டேன். தம்பி மேல ஒண்ணும் இல்ல."

"என் மேலயும் இருக்கு சார்," என்றார் பத்து. "நான் கோட்டைப் பார்த்தேன். நட்டைப் பார்க்கல."

என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவள் அவள்தானே, கேட்டாள். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே, ஏங்க சொன்னீங்க?"

தையல்காரம்மா தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "நான் தைச்சது பிரிஞ்சா திரும்பக் கொண்டாந்து குடுப்பாங்கம்மா. இது பிரிஞ்சா யாரு கொண்டாருவா?"

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் கத்துகிறேன், முதலாளியம்மா அவரை அனுப்பிவிடுகிறார், அவர் வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் காஜா எடுக்கிறார். எழுதும்போதே கை கூசியது. இன்னொன்றில் பத்து வருடம் கழித்து அவர் சொந்தமாகப் பட்டறை வைக்கிறார். "ஒரு பாட்டும் சேர்த்து வச்சிடுங்க" என்றாள் மனைவி. மூன்றாவதில் அவர் டப்பாவை மூன்றாம் தடவையும் கழுவுகிறார், யாரிடமும் சொல்லவில்லை. அதை ஒரு பத்திக்கு மேல் எழுத முடியவில்லை. அந்தக் கதையை எழுத நான் இருக்க மாட்டேனே. கேலி செய்ய அவளும் இருக்க மாட்டாள்.

அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு நன்றியைத் தவிர வேறெதுவும் இல்லை. தெரிந்த உடனே மூடி மறைக்காமல் போனை எடுத்த உங்களுக்கு, முதலாளியம்மா. பழியில் பாதியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட பத்துவுக்கு. எல்லாவற்றுக்கும் மேல், நாலு நாளில் கிடைக்கவிருந்த கையெழுத்தை எங்கள் இரண்டு உயிருக்காக விட்டுக்கொடுத்த அந்த அம்மாவுக்கு.

நேற்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "நல்லவங்களா இருந்தா மட்டும் போதுமா சார்? கையும் சரியா இருக்கணுமே. நீங்க மன்னிச்சிடுவீங்க, அடுத்த வண்டிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. கிளம்பும்போது சுவரில் மாட்டியிருந்த அந்த நீள ஸ்பேனரைப் பார்த்தேன். அதன் கைப்பிடியில் மஞ்சள் மார்க்கரை ஒரு சாண் நூலால் கட்டி வைத்திருந்தார்கள். முறுக்கிய நாலிழை நூல், அறுக்க முடியாத முடிச்சு. இனி உங்கள் பட்டறையில் யாரும் ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் கோடு போட முடியாது. யார் கட்டியது என்று பத்துவிடம் கேட்டேன். அவர் தையல்காரம்மாவின் பக்கம் மோவாயை மட்டும் காட்டினார். அடுத்த வண்டிக்காரருக்கு அந்த முடிச்சைக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்ட நாலு வரி இதோ. நட்டு தளர்ந்திருந்தது உண்மை. அதை எங்களுக்குச் சொன்னது, தளர விட்டவரே. எங்களுக்குப் புகார் இல்லை. நாலாவது வரி என் மனைவி சொல்லி எழுதியது: 'அடுத்த சர்வீஸுக்கு எங்கள் வண்டியின் நாலு சக்கரத்தையும் அந்த அம்மாதான் மாட்ட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது.'

முடிவை எழுதும் வேலை என்னுடையதல்ல; கையெழுத்துப் போடும் பேனா உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கொண்டுவருகிறோம். என் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். சக்கரத்தைக் கழற்ற யார் வந்து குத்துக்காலிட்டு உட்காருகிறார் என்பதைப் பார்த்து, நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.